திரும்பி ஓடும் ஆற்றின் வயது

கம்போடியாவில் ஆண்டுதோறும் ஓர் ஆறு திரும்பி ஓடுகிறது. பருவமழை வலுத்து மேகோங் பெருகும்போது, புனோம் பென் நகரருகே அதில் கலக்கும் தொன்லே சாப் ஆற்றை வெள்ளம் எதிர்த்திசையில் தள்ளி, மேலேயுள்ள ஏரிக்குள் பாய்கிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கி.மீ. பரப்பில், ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் தொன்லே சாப் ஏரி, 15,000 சதுர கி.மீ. வரை விரிகிறது. கரைக்காடு மூழ்க, மீன்கள் அதற்குள் புகுந்து இரை தேடுகின்றன. ஆறு மறுபடி கீழ்நோக்கித் திரும்பும் நாட்களில் மக்கள் படகுப் போட்டி நடத்திக் கொண்டாடுகிறார்கள்.

எத்தனை காலமாக இப்படி? அங்கோர்ப் பேரரசுக் காலக் கல்வெட்டுகள் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முந்தைய கதை ஏரியடிச் சேற்றில்தான் இருக்கிறது.

நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி, சிக்கிய மண்ணோடு மெல்ல உருவி, நெடுக்காகப் பிளந்து பார்க்கிறார்கள். கீழே போகப் போகப் பழைய மண். காற்றுப் படாத சேற்றில் மகரந்தத்தின் வெளித்தோல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். எந்த மரம் நின்றது, எங்கே புல் பரவியது என்று அதை வைத்துச் சொல்லலாம். இந்த ஏரியின் அடி அடுக்குகளில் அகப்பட்டது அலையாத்தி மரங்களின் மகரந்தம். கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்த அந்நாளில் உவர்நீர் இவ்வளவு உள்ளே எட்டியிருக்கிறது!

எனக்கு இன்னும் வியப்பானது வண்டலின் பூர்வீகம். பாறைக்குப் பாறை ஸ்ட்ரோன்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். ஆகவே மேகோங் சுமந்து வந்த மண்ணையும் உள்ளூர் ஓடைகள் கொண்டுவந்த மண்ணையும் பிரித்தறிய முடியும். 2011-இல் வெளியான ஆய்வு இப்படிப் பார்த்து, ஆண்டு வெள்ளம் ஏரிக்குள் வரத் தொடங்கியது ஏறத்தாழ 4,400 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ செழித்திருந்த நூற்றாண்டுகள் அவை. என்றென்றும் இருந்ததாக நாம் நினைக்கும் ஓர் ஓட்டத்துக்குத் தொடக்கம் இருந்திருக்கிறது.

ஆனால் வெள்ளச் சமவெளி ஏரியின் சேற்றை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். வெள்ளம் பழைய மரத்துண்டுகளையும் அடித்து வரும். அவற்றுக்குக் கார்பன் காலக்கணிப்பு செய்தால் அடுக்கின் வயது கூடிப்போகும். கோடையில் நீர் வற்றியதும் காற்று அடிச்சேற்றைக் கலக்கிவிடும். தவிர, இங்கே ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. வண்டல்தான் படிகிறது. ஒரு சென்டிமீட்டரில் ஒரு நூற்றாண்டு அடங்கிவிடும். அங்கோரின் வீழ்ச்சியோடு பேசப்படும் 14, 15-ஆம் நூற்றாண்டு வறட்சிகளை ஆண்டுவாரியாக அறிய வியட்நாம் மரங்களின் வளையங்களை நாட வேண்டியிருந்தது.

ஏரி விரைவில் தூர்ந்துவிடும் என்றொரு அச்சம் முன்பு இருந்தது, இந்த 0.1 மி.மீ. அதைத் தணித்தது. இப்போதைய கவலை வேறு. மேலே கட்டிய அணைகள் மேகோங்கின் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. 2019, 2020 வறட்சி ஆண்டுகளில் ஆறு திரும்புவது தாமதமானது, வெள்ளமும் குறைந்தது. அவ்விரு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏரியடியில் படிந்திருக்கக்கூடியது ஓரிரு தாள்களின் கனம்தான்.