கணிப்பொறிக்கு நாள் மறந்தது ஏன்?

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு மாலைப்பொழுதில் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள். ஓர் உதவித்தொகைக்கு இணையத்தின் வழியாக விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். நள்ளிரவோடு வாசல் மூடிவிடும்.

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல எந்த வெப்சைட்டும் திறக்கல சார். அப்பா கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டார். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா லினக்ஸ் போட்டாத்தான் சரியாகும்னு சொல்லிட்டாராம்."

எல்லாவற்றையும் அழித்தால் என்ன போகும்? அவள் தட்டச்சு செய்து வைத்திருந்த செயல்திட்டக் கட்டுரை போகும். விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல்கள் போகும். வேறு எங்கும் படியெடுத்து வைக்காத பாட்டியின் புகைப்படங்களும் போகும். பாட்டி காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடன் கிளம்பினேன்.

அது யாரோ பயன்படுத்தியபின் விலைக்கு வந்த மேசைக் கணிப்பொறி. அதில் ஓடுவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, பிறகு உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்த இயக்க அமைப்பு இது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' அமைப்பும் இதே குடும்பம்தான். லினக்ஸில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. தன் உள்ளே நடப்பதை அது மறைப்பதில்லை. கேட்டால் வரி வரியாகச் சொல்லிவிடும். கேட்கத்தான் ஆளில்லை!

ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்று வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்கிறீர்கள்? எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் சுற்று ஒருவேளை வேலை செய்யலாம். ஆனால் பழுது எதில் இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. நாளை அதே பழுது திரும்பவும் வரும். சுற்றைப் பாதியாகப் பிரித்து, பழுது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பார்ப்பதே முறை. நாங்களும் அதைத்தான் செய்தோம்.

முதல் கேள்வி: இணைய இணைப்பு வருகிறதா? அவளுடைய தந்தையின் செல்போன் அதே மோடத்தின் வழியாக நன்றாக வேலை செய்தது. ஆகவே தெருவிலிருந்து வீடுவரை பழுதில்லை. இரண்டாம் கேள்வி: இந்தக் கணிப்பொறி வெளியுலகோடு பேசுகிறதா? அதற்கு 'பிங்' என்னும் கட்டளை இருக்கிறது. வௌவால் ஒலியெழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் சிறு செய்தி ஒன்றை அனுப்பி, விடை வரும் நேரத்தை அளக்கும் கட்டளை அது. 1983-இல் இதை எழுதிய அமெரிக்கர் மைக் மூஸ், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஓசையையே இதற்குப் பெயராக வைத்தார். முதலில் 8.8.8.8 என்னும் எண் முகவரிக்கு அனுப்பினோம், விடை வந்தது. பிறகு ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அனுப்பினோம். அதற்கும் விடை வந்தது. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடும் சரியாக இருக்கிறது என்று இதற்குப் பொருள். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராமல் போயிருந்தால் நாங்கள் வேறு திசையில் சென்றிருப்போம்.

அப்படியானால் கம்பி சரி, மோடம் சரி, கணிப்பொறியின் இணைப்பும் சரி. மறுப்பது உலாவி மட்டுமே! அது என்ன சொல்லி மறுக்கிறது?

"அதுல ஏதோ இங்கிலீஷ்ல வருது சார்" என்றாள்.

"அந்த ஏதோவைப் படிம்மா."

படித்தாள். 'இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்பது அதன் சாரம். 'இன்னும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? நம்பகமான ஒவ்வோர் இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். காலம் சில மாதங்களே. உலாவி அந்தத் தேதிகளைக் கணிப்பொறியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் எதிர்காலச் சான்றிதழ்களை வைத்திருக்க முடியுமா? முடியாது. எனவே இறந்தகாலத்தில் இருப்பது இந்தக் கணிப்பொறிதான்.

திரையின் மூலையில் இருந்த கடிகாரம் காலை நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அதைச் சொடுக்கி நாட்காட்டியைத் திறந்தால், ஆண்டு 2022!

தேதியைக் கையால் சரிசெய்தோம். தளங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. அவள் படிவத்தைப் பாதி நிரப்பியிருப்பாள், மின்சாரம் போயிற்று. அரைமணி கழித்து வந்தது. கணிப்பொறியை இயக்கினால் மீண்டும் பழைய கதை, மீண்டும் 2022. அவள் முகம் வாடிப்போயிற்று. எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. (வாத்தியார்களுக்கு இப்படி ஒரு கெட்ட புத்தி உண்டு.) ஏனென்றால் அந்த மின்வெட்டு நாங்கள் கேட்காமலேயே ஒரு சோதனையைச் செய்து காட்டிவிட்டது. மறுபடியும் தேதியைத் திருத்தினோம்; எட்டரை மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இனி அவசரமில்லை, காரணத்தைத் தேடலாம்.

கணிப்பொறி அணைந்திருக்கும்போது அதற்கு நேரம் எப்படித் தெரிகிறது? அதன் தாய்ப்பலகையில் சிறு கடிகாரம் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று 1880-இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் வடிவம் மாறி அதிரும். இந்தக் கடிகாரத்துக்குரிய படிகத்தை நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டியிருக்கிறார்கள். ஏன் இந்த விந்தையான எண்? 32,768-ஐ இரண்டால் வகுத்துப் பாருங்கள், மறுபடி வகுத்துப் பாருங்கள். பதினைந்தாம் முறை 1 வரும். ஆம், அது 2-இன் 15-ஆம் அடுக்கு. பதினைந்து எளிய மின்னணுச் சுற்றுகள் ஒவ்வொன்றும் அதிர்வைப் பாதியாக்கினால் கடைசியில் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். உங்கள் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.

இந்தக் கடிகாரத்துக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. சுவர் சுவிட்சு போட்டிருக்கும் வரை, கணிப்பொறியை அணைத்திருந்தாலும், மின்வழங்கிப் பெட்டி தாய்ப்பலகைக்குச் சிறிதளவு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டாலோ மின்வெட்டு வந்தாலோ, பலகையில் பொருத்திய நாணயம் போன்ற மின்கலம் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

இப்போது விளங்குகிறதா? அந்த வீட்டில் தந்தை நாள்தோறும் படுக்கப் போகுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைப்பவர். சிக்கனமான, நல்ல பழக்கம். ஆனால் ஊகம் வேறு, நிரூபணம் வேறு. அவளிடம் இரண்டு இரவுச் சோதனை ஒன்றைச் சொன்னேன். முதல் நாள் இரவு தேதியைச் சரியாக வைத்து, கணிப்பொறியை மட்டும் அணைத்து, சுவர் சுவிட்சைத் தொடாமல் விட வேண்டும். மறுநாள் இரவு எல்லாவற்றையும் அப்படியே செய்து, சுவர் சுவிட்சை மட்டும் அணைக்க வேண்டும். மாற்றுவது ஒன்றே ஒன்றுதான். மற்றவை மாறக் கூடாது. முதல் காலை நேரம் சரியாக இருந்தது. இரண்டாம் காலை 2022 வந்துவிட்டது.

இதற்கிடையில் லினக்ஸ் தானே எழுதி வைத்த குறிப்புகளையும் படித்தோம். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுத்தால், கணிப்பொறி கண்விழித்த நொடியிலிருந்து நடந்தவை வரிசையாக வரும். அதில் இரண்டு வரிகள் எங்களுக்குப் போதுமாக இருந்தன. முதல் வரி, தாய்ப்பலகைக் கடிகாரத்திலிருந்து நேரம் படித்ததாகச் சொன்னது: 2012 ஜனவரி 1. அதன்பின் வந்த வரி, இந்த நேரம் தான் உருவாக்கப்பட்ட நாளுக்கும் முந்தையதாக இருப்பதால் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதாகச் சொன்னது. தான் பிறப்பதற்கு முன்பே விழித்தெழ முடியாது என்பது அந்தத் தொடக்க நிரலுக்குத் தெரிந்திருக்கிறது! நினைவிழந்த பலகைக் கடிகாரம் 2012 என்கிறது; லினக்ஸ் அதை நம்பாமல் தன் பிறந்தநாளான 2022-க்குத் தாவுகிறது. அதற்குமேல் ஊகிக்க அதற்கு வழியில்லை.

இணையத்தைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. லினக்ஸில் அந்த வசதி உண்டு. அமைப்புகளில் 'தானியங்கி நேரம்' என்று இருக்கும். இந்தக் கணிப்பொறியின் பழைய உரிமையாளர் அதை அணைத்து வைத்திருந்தார். ஆக, பழுதுகள் இரண்டு: ஒன்று வன்பொருளில், ஒன்று மென்பொருளில். தனித்தனியே இவற்றில் எதுவும் தொல்லை தந்திருக்காது. கடைக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவியிருந்தால் தானியங்கி நேரம் இயங்கத் தொடங்கி, குறை மறைந்தும் போயிருக்கும். பாட்டியின் படங்கள் போயிருக்கும். தீர்ந்துபோன மின்கலம் மட்டும் அங்கேயே இருந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடிகாரம் தவறும் எல்லாக் கணிப்பொறிகளிலும் மின்கலம்தான் குற்றவாளி என்று எண்ணிவிடாதீர்கள். தவறின் அளவைப் பாருங்கள். ஒரே கணிப்பொறியில் விண்டோசும் லினக்சும் இருந்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி விலகினால் மின்கலத்தைத் தொடவே வேண்டாம். லினக்ஸ் வழக்கமாகப் பலகைக் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை வைக்கும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும். இந்திய நேரம் பொதுநேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது அல்லவா? ஒருவர் எழுதியதை மற்றவர் வேறு பொருளில் படிக்கிறார், அவ்வளவுதான். பழைய உரிமையாளர் இந்தக் குழப்பத்தில்தான் தானியங்கி நேரத்தை அணைத்தாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தோம். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே திறக்க வேண்டும். உடலிலுள்ள நிலைமின்னூட்டம் நீங்கப் பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மின்கலத்தின் மேல் சி.ஆர். 2032 என்று பொறித்திருந்தது. இது வெறும் மாதிரி எண் அல்ல: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். அவள் அளவுகோலை வைத்து விட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டாள். 3 வோல்ட் காட்ட வேண்டிய கலம் என் மல்டிமீட்டரில் 1.7 வோல்ட் காட்டியது. ஒரு சிறு கணக்கும் போட்டோம். புதிய கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. கடிகாரம் 3 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், 73,000 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக, அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடும். இந்தப் பலகையோ 2012-ஐச் சேர்ந்தது!

சில பத்து ரூபாய்க்குப் புதிய கலம் வாங்கி, நேர்முனை மேலே தெரியும்படி பொருத்தினோம். பழைய கலத்தை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். சிறு குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயை அரித்து உயிருக்கே ஆபத்தாகும். பிறகு லினக்ஸில் தேதியைச் சரிசெய்து, தானியங்கி நேரத்தையும் இயக்கினோம். தொடக்க அமைப்புத் திரையில் போய்ப் பார்த்த அவள், "சார், இன்னும் ஐந்தரை மணி பின்னால காட்டுது" என்று பதறினாள். மேலே சொன்னதை நினைவுபடுத்தியதும் சிரித்துவிட்டாள்.

அவளுடைய தந்தை இப்போதும் இரவில் சுவர் சுவிட்சை அணைக்கிறார். காலையில் நேரம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தப் படிகம் எவ்வளவு துல்லியமானது என்று அவள் கேட்டாள். அளந்து பார் என்றேன். தானியங்கி நேரத்தை ஒரு வாரம் அணைத்து வைத்து, 'ஹெச்டபிள்யூ கிளாக்' என்னும் கட்டளையால் பலகைக் கடிகாரத்தை நாள்தோறும் நேரடியாகப் படித்து, செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வந்தாள். ஏழு நாளில் 9 நொடி முந்தியிருந்தது. 6,04,800 நொடியில் 9 நொடி என்றால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 15 பங்கு. இத்தகைய படிகத்துக்கு இது இயல்பான பிழைதான். இந்த வகைப் படிகம் அறை வெப்பநிலையில் வேகமாகவும், அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் சற்று மெதுவாகவும் அதிரும் என்று சொல்லி வைத்தேன். அளந்தது ஜனவரி மாதம். மே மாதத்தில் இன்னொரு வாரம் அளக்கப்போவதாகச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் இரண்டாம் பத்திக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.