கோழிக்கு முன்னே கூடு

2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளால் மலையகத்தில் லயன் அறையையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. தங்கியுள்ள இடத்தில் முதன்முறையாகக் கோழி வளர்க்க எண்ணுவோர் முதலில் கூட்டைத் தயார் செய்ய வேண்டும். குஞ்சு பிறகுதான். கையிலுள்ள சிறு தொகை ஒரே குளிர் இரவில் போய்விடக் கூடாது.

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஹற்றனிலும் இரவில் நல்ல குளிர். பிறந்த குஞ்சுக்கோ முதல் வாரத்தில் ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. மின்குமிழின் கீழ் குஞ்சுகள் நெருங்கி ஒடுங்கினால் சூடு போதாது. விலகி ஓடினால் அதிகம். பரவி நின்றால் சரி. மின்சாரம் இல்லையா? தாய்க்கோழியோடு குஞ்சுகளை வாங்குங்கள். அல்லது இறகு மூடிய 6 வாரக் குஞ்சுகளை வாங்குங்கள்.

5 கோழிகளுக்கு 5 அடி நீளமும் 2 அடி அகலமும் போதும். நாளை இடம் மாற நேர்ந்தால் இருவர் தூக்கிச் செல்லலாம். கால் வைத்து உயர்த்துங்கள். கீரி நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். மரத்தூள் நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத்தில் இரத்தக் கழிச்சல் பரவும்.

ராணிக்கெட் நோய் வந்தபின் மருந்தில்லை. தடுப்பூசிக்கு அரச மிருக வைத்தியரை முன்கூட்டியே கேளுங்கள். களைநாசினி தெளித்த தேயிலைக்குள் மேயவிடாதீர்கள்.

நாட்டுக்கோழி முட்டையிட ஏறத்தாழ 6 மாதமாகும். அதுவரை தீனிக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு, எத்தனை குஞ்சு என்று தீர்மானியுங்கள்.