சஹ்யாத்திரியில் ஒரு மலர் யாத்திரை

வசந்தம் என்றவுடன் சித்திரையும் மாந்தளிரும் குயிலோசையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாம் குடியேறி வாழும் இந்த மராட்டிய நாட்டில், சஹ்யாத்திரி மலையுச்சிகளுக்கு வசந்தம் வருவது சித்திரையில் அன்று, ஆவணி, புரட்டாசியில். நான்கு மாத மழை ஓயும் தறுவாயில், மற்றக் காலங்களில் வெறும் பாறையாகக் கிடக்கும் மலைமுகடுகள் திடீரெனப் பூக்களைப் போர்த்திக் கொள்கின்றன. அவ்வாறு பூக்கும் இடங்களுள் புகழ் மிக்கது சதாரா நகருக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஸ் மேட்டுநிலம். மராத்தியர் இதைக் 'காஸ் பட்டார்' என்பர். பட்டார் என்றால் மலைமேல் விரிந்த சமவெளி. மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் சங்கத்து அன்பர்கள் குடும்பத்தோடு ஒருமுறையேனும் போய்வரத் தக்க இடம் இது. நாங்கள் போய்வந்த அனுபவத்தை, அங்கே நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் காலமான பிறகு, என் தாயாரைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு அழைத்து வந்திருந்தோம். எழுபத்து நான்கு வயது. வயலும் வரப்புமாக வாழ்ந்தவர்கள், இரண்டாம் மாடிக் குடியிருப்பில் சன்னலோரம் உட்கார்ந்து எதிர்க்கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி ஒன்பது மாதங்களைக் கழித்தார்கள். பேச்சும் குறைந்துவிட்டது. விநாயகர் சதுர்த்தி கழிந்த மறுவாரம் காஸுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது, "நான் எதுக்கு? நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். என் மனைவிதான் வற்புறுத்தி இசைய வைத்தாள்.

வழி

வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்திக்கொண்டு வியாழக்கிழமை காலையில் புறப்பட்டோம். மும்பையிலிருந்து சதாரா ஏறக்குறைய 250 கிலோமீட்டர், புனேயிலிருந்து 110. புனேயைத் தாண்டிக் காத்ரஜ் சுரங்கத்தின் வழியே வெளியே வந்தால் நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. கம்பட்கி மலைப்பாதையில் ஏறி இறங்கியதும் கரும்பும் சோளமும் இருபுறமும் பசுமை காட்டுகின்றன. வழியில் ஓரிடத்தில் நிறுத்திக் கட்டுச்சாதம் பிரித்தோம். புளியோதரையின் மணம் எழுந்தவுடன் எங்கள் வாகன ஓட்டியும் வந்து இலைக்கு முன் உட்கார்ந்துகொண்டார்.

இந்தச் சாலையைப் பற்றி நம்மவர்க்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். இது தில்லியிலிருந்து வரும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மும்பை, புனே, சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் என்று சென்று சென்னையில் முடிகிறது. இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது, பின்னிருக்கையிலிருந்து தாயார் கேட்டார்கள்: "அப்போ இந்த ரோட்டிலேயே நேரா போனா நம்ம பக்கம் போயிரலாமா?" போகலாம் என்றேன். அதன்பிறகு அவர்கள் சன்னலுக்கு வெளியே பார்ப்பதை நிறுத்தவில்லை.

சதாராவும் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. சிவாஜி மன்னரின் இளைய மகன் ராஜாராம், மொகலாயப் படைக்குத் தப்பி நம் செஞ்சிக் கோட்டையில் எட்டாண்டுக் காலம் தங்கி அரசு நடத்தினார். செஞ்சி 1698-இல் வீழ்ந்தபின், மராட்டியரின் தலைநகராக விளங்கியது சதாராதான். இன்றும் ஊருக்கு மேலே அஜிங்க்யதாரா கோட்டை நின்று அந்தக் கதையைச் சொல்கிறது. அன்றிரவு சதாராவில் தங்கினோம்.

மேட்டை நோக்கி

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் யவதேஷ்வர் மலைப்பாதையில் ஏறினோம். ஏறும்போதே மூடுபனி வண்டியைச் சூழ்ந்தது. பனி விலகும்போது ஒருபுறம் கண்ஹேர் நீர்த்தேக்கமும், மறுபுறம் உர்மோடி நீர்த்தேக்கமும் பள்ளத்தாக்கின் அடியில் கண்ணாடித் துண்டுகளாய்த் தெரிந்தன.

ஒரு திருப்பத்தில் தாயார் சட்டென்று, "ஐயா, வண்டியை நிறுத்தச் சொல்லு!" என்றார்கள். உடல்நலம் சரியில்லையோ என்று பதறி நிறுத்தினேன். அவர்கள் வேலிப்புதரைக் காட்டினார்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த சுடர்போல, இதழ்கள் மேல்நோக்கி வளைந்த பூக்கள் கொடியில் தொங்கின. "கண்வலிக் கிழங்கு! நம்ம ஊர்க் காட்டிலே கிடக்குமே, இது இங்கேயும் இருக்கா?" என்றார்கள். சங்க நூல்கள் காந்தள் என்று போற்றுவதும், தமிழ்நாட்டின் மாநில மலருமான செங்காந்தளே அது. மராத்தியர் 'களலாவி' என்கிறார்கள். கிழங்கு கொடிய நஞ்சாதலால் குழந்தைகள் தொடலாகாது என்று தாயாரே பேரப்பிள்ளைகளுக்கு எச்சரிக்கை செய்தார்கள். ஒன்பது மாதங்களில் அவர்கள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

காஸ் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்குச் சுமார் 4,000 அடி உயரத்தில் உள்ளது. 850-க்கு மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இங்கே உள்ளன என்று தாவரவியலார் கணக்கிட்டுள்ளனர். 2012-ஆம் ஆண்டில் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, காஸும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

பூக்களின் அணிவகுப்பு

இம்மேடு ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் வாடுவதன்று. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது. முதலில் வெண்மணிகள் போன்ற 'கேந்த்' பூக்கள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். பிறகு இளஞ்சிவப்பு 'தேர்டா'. இது நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் காட்டு உறவு. அடுத்து மஞ்சள் நிறச் 'சோன்கி'. செனேசியோ பாம்பேயென்சிஸ் என்று பம்பாயின் பெயரையே அறிவியற் பெயராகத் தாங்கிய செடி இது. நாங்கள் போன நாளில் தேர்டாவும் சோன்கியும் அடுத்தடுத்துப் பாய் விரித்திருந்தன.

நீர் கசியும் இடங்களில் நீலமும் ஊதாவும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் கூட்டம் கூட்டமாய் நின்றன. 'சீதேச்சி ஆஸவே', அதாவது சீதையின் கண்ணீர்த் துளிகள் என்பது அவற்றின் பெயர். கண்ணுக்கு இவ்வளவு மென்மையான இச்செடி உண்மையில் ஊனுண்ணி. ஈர மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய பைகளால், நீரில் நீந்தும் சிற்றுயிர்களை உறிஞ்சி உண்கிறது. அருகிலேயே, இலைமயிர்களின் நுனியில் பசைத்துளி ஏந்திப் பூச்சிகளைப் பிடிக்கும் பனித்துளிச் செடியும் உண்டு. பாறைமேற் படிந்த மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு. ஆகவே மண் கொடாததை இவை உயிர்களிடமிருந்து பெறுகின்றன.

'வாய்துரா' என்றொரு நீர்ச்செடி, கவை போல இரண்டாகப் பிரிந்த பூங்கதிருடன் குட்டைகளில் நிற்கிறது. அதன் அறிவியற் பெயரில் சதாராவின் பெயர் உள்ளது. மற்றொன்று 'டோப்லி கார்வி'. கவிழ்த்து வைத்த கூடை போல் புதர் இருப்பதால் இப்பெயர். இது நம் நீலக்குறிஞ்சியின் இனம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது; 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். கார்வியோ ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, காய்த்து, மடிந்துவிடும். நாங்கள் சென்றது அதன் பூப்பாண்டன்று. பச்சைக் கூடைகளை மட்டும் பார்த்தோம்.

பள்ளியில் தமிழே படியாத என் பிள்ளைகளுக்குத் தாயார் அங்கே ஒரு பாடம் நடத்தினார்கள். ஒரே தேர்டாச் செடியில் அரும்பைக் காட்டினார்கள், மொட்டைக் காட்டினார்கள், விரிந்த மலரையும் உதிர்ந்து கிடந்ததையும் காட்டினார்கள். நான் என் பங்குக்கு, மலர்ந்து பரந்ததை அலர் என்றும், உதிர்ந்ததை வீ என்றும், வாடியதைச் செம்மல் என்றும் நம் முன்னோர் வழங்கியதைச் சொன்னேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியதையும் சொன்னேன். "தொண்ணூற்றொன்பதுமா!" என்று வியந்த என் மகள், தான் அதுவரை கண்ட வகைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

நான் செய்த பிழை

பார்வையாளருக்கென்று ஒதுக்கிய நடைபாதை உண்டு. என் மகன் பாதையை விட்டிறங்கி, பூக்களின் நடுவே நின்று, "அப்பா, படம் எடுங்கள்" என்றான். நல்ல கோணம் வேண்டி நானும் நான்கடி உள்ளே போனேன். அப்போது, அங்கே காவற்பணியில் இருந்த ஊர்ப்பெண்மணி ஒருவர், "பாய் டேவூ நகா!" என்று கூவிக்கொண்டே விரைந்து வந்தார். கால் வைக்காதீர்கள் என்பது பொருள். ஐம்பது வயதிருக்கும். சினந்தாலும் வசை சொல்லவில்லை. குனிந்து, என் காலடி பதிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். செடிகள் நசுங்கி, மண் விலகி, கரும்பாறை தெரிந்தது.

நான் மராத்தியில் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாயார் தமிழிலேயே, "அவ சொல்லுறது நியாயந்தானே? நாற்றங்காலிலே காலை வச்சா உன் அப்பா சும்மா விட்டிருப்பாரா?" என்றார்கள். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யாருக்கு வசவு விழுகிறது என்பது தெரிந்துவிட்டது. சினம் தணிந்து சிரித்துவிட்டார். "ஆஜீ" என்று தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதையோரமாகவே நடத்திச் சென்று, தாம் மராத்தியிலும் தாயார் தமிழிலுமாக ஒவ்வொரு பூவையும் காட்டினார். நானும் மகனும் தலைகுனிந்து பின்னால் நடந்தோம்.

அவர் சினந்ததன் காரணம் பெரிது. இம்மேட்டின் அடியில் இருப்பது கரும்பாறையும், அதன் மேல் இறுகிய செம்புறைக்கல்லும். அதற்கு மேலுள்ள மண் பல இடங்களில் ஓரங்குலம்கூட இல்லை. ஆகவேதான் மரம் வேரூன்றவில்லை. மழைநீரும் உள்ளிறங்காமல் தேங்கி நிற்கிறது. இச்செடிகளிற் பல ஒரு மழைக்காலமே வாழ்பவை. முளைத்து, பூத்து, விதையை அந்த ஓரங்குல மண்ணில் விட்டுவிட்டு மாய்கின்றன. கோடை முழுதும் அவ்விதைதான் அடுத்த ஆண்டின் மலர். மிதித்து மண்ணை இறுக்கினால், இன்றைய பூ மட்டுமன்று, மறு ஆண்டின் பூவும் போகிறது. ஒருவர் காலடி பொறுக்கலாம். வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் காலடியை எப்படிப் பொறுக்கும்?

கூட்டத்தைத் தடுக்க வேலியிட்ட காலமும் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கால்நடைகள் மேய்ந்து, உயர்ந்த புல்லைக் குறைத்துச் சிறுபூக்களுக்கு வெயிலும் இடமும் தந்த நிலம் இது. வேலி மேய்ச்சலைத் தடுத்தால் புல் ஓங்கிப் பூ குறையும் என்று அறிஞர் சிலர் எடுத்துரைத்தனர். வேலியால் மட்டும் காக்க முடியாது, வருவோரின் ஒழுக்கமே வேலியாக வேண்டும் என்பதை அந்த விவாதம் காட்டிற்று. இப்போது சுற்றுச் சிற்றூர்களின் மக்கள் வனத்துறையுடன் கூடிக் குழு அமைத்துக் காவலும் வழிகாட்டலும் செய்கின்றனர். கட்டணத்தில் அவர்கள் ஊதியமும் அடங்கும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் முதல் வாரம் வரை பூக்காலம். செப்டம்பர் நடுப்பகுதி சிறப்பு. மழையின் போக்கைப் பொறுத்து முன்பின் ஆகலாம். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஆகவே முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். சனி, ஞாயிறுகளைத் தவிர்ப்பது நலம். வெயில் ஏறினால்தான் சில பூக்கள் நன்கு விரியும். ஆனால் நண்பகலில் கூட்டமும் ஏறும். மேட்டில் காற்று வலிது. குடை பயன்படாது; மழைச்சட்டை கொண்டு செல்க. வழுக்காத காலணி முதியவர்க்கு இன்றியமையாதது. உணவுப் பொட்டலத்தின் உறைகளைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பறிக்க வேண்டாம், வேரோடு பெயர்த்து நம் தொட்டியில் வைத்தால் பிழைக்கவும் பிழைக்காது.

சற்று அப்பால் சதாராவுக்குக் குடிநீர் தரும் காஸ் ஏரியும், இன்னும் போனால் கொய்னா நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள பாம்னோலியும் உண்டு. பிற்பகலில் நாங்கள் சஜ்ஜன்கட் சென்றோம். சமர்த்த ராமதாசரின் சமாதி அங்குள்ளது. அவர் வழிபாட்டுக்குரிய இராமர் திருவுருவங்கள் நம் தஞ்சையில் செய்யப்பட்டு வந்தவை என்று மரபாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் தாயார் இன்னொரு முறை சந்நிதிக்குத் திரும்பிச் சென்று கும்பிட்டார்கள்.

சனிக்கிழமை சதாராவின் பெயர்பெற்ற கந்தி பேடா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். மறுநாள் தாயார் கேட்டது ஒன்றே: சன்னலோரத்தில் வைக்க இரண்டு தொட்டியும், காசித்தும்பை விதையும் வேண்டும். "அங்கேயிருந்தே விதை எடுத்து வந்திருக்கலாமே, பாட்டி?" என்றான் என் மகன். "அது அந்த மலையோட விதை. நமக்குக் கடையிலே கிடைக்கும்" என்றார்கள்.

வாங்கி வந்து ஊன்றினோம். சிலவற்றில் இப்போது அரும்பு கட்டியிருக்கிறது. என் மகன் அதை அரும்பு என்றே சொல்கிறான்.