ரமளானுக்கு முன் மருத்துவரிடம் மனம் திறந்து பேசுவோம்

ரமளான் நெருங்கும்போது, சர்க்கரை நோய் உள்ள நம் சகோதர சகோதரிகளில் பலர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். "நோன்பு வைக்கப் போகிறேன் என்றால் டாக்டர் திட்டுவார்" என்ற பயமே காரணம். கேட்காமல் தாங்களாகவே மாத்திரையை மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் மாதம் முழுவதும் நிறுத்தியும் விடுகிறார்கள்.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பொருள். அது பகலில் சாப்பிடுபவருக்காக எழுதப்பட்டது. நோன்பாளியோ ஸஹருக்குப் பின் நம் பகுதியில் ஏறத்தாழ 13 மணி நேரம் தண்ணீர்கூட அருந்துவதில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் வயிறு காலியாக இருக்கும்போதும் சர்க்கரையைக் குறைக்கும். வழக்கமான காலை அளவை அப்படியே ஸஹரில் எடுத்தால், பகலில் கை நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. எனவே பக்கத்து வீட்டாருக்குச் சொன்ன யோசனை நமக்குப் பொருந்தாது.

உண்மையை மறைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. மாத்திரையை விட்டுவிட்டு, "ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று சொன்னால், ஏறியிருக்கும் சர்க்கரையைப் பார்த்து மருந்து போதவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டிவிடுவார். பிறகு அதை முறையாக எடுக்கத் தொடங்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. போகும்போது எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து எடுத்தால் அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள். நோன்பு வைக்க விரும்புவதையும், முன்பு சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருந்தால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஸஹரில் எந்த மாத்திரை, இஃப்தாரில் எந்த மாத்திரை, எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புரிந்ததை ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பெண்களுக்காகக் கணவரோ மகனோ பேசுவது நம்மிடையே வழக்கம். கூட யாரும் வரலாம். ஆனால் நோயை அனுபவிப்பவரே பேசுவதுதான் நல்லது.

நோன்பை எப்போது விட வேண்டும் என்பதையும் கேளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேல் ஏறினாலோ உடனே விட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்று ஆலிம்கள் விளக்கியுள்ளனர். ஆகவே அந்தத் தயக்கம் வேண்டாம்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நோன்பு வைப்பீர்களா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பலருடைய தயக்கத்தை நீக்கிவிடும்.

சிலரிடம் மருத்துவர் "இப்போது நோன்பு வேண்டாம்" என்றே சொல்லலாம். அதனால் மனம் உடைய வேண்டியதில்லை. நோயாளிக்கான சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களிலேயே இருக்கிறது. பின்னர் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே.

நம் அனைவருக்கும் அல்லாஹ் உடல் நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.