இரத்தம் சொல்லும் செய்தி
(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. இன்றோ மருத்துவரிடம் சென்று திரும்புவோர் கையில் மருந்துப் பொட்டலத்துடன் பரிசோதனைச் சீட்டு ஒன்றும் இருக்கிறது. அச்சீட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் போதும், வீடே கலங்கிவிடுகிறது.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை முதலில் கூறுகிறேன். நடவு வேலைக்குப் போகிறவர். சில மாதங்களாக அசதி, மூச்சிரைப்பு. இரத்தத்தைச் சோதித்ததில் ‘ஈ.எஸ்.ஆர். 52’ என்று வந்தது. சீட்டைப் பார்த்த பக்கத்து வீட்டார் ஒருவர், “டி.பி.க்குத்தான் இம்புட்டு ஏறும்” என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே பெரியம்மாவின் தட்டும் தம்ளரும் தனியாயின. பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்றார்கள். “எனக்கு என்னாத்தா வந்திருக்கு?” என்று அவர் கேட்டபோது, விலங்கியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் உரோமானியரான செல்சசு முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இதுவே அழற்சி. கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடல் நடத்தும் தற்காப்புப் போர் அது. காலில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலிலோ மூட்டின் உள்ளேயோ நடந்தால்? இரத்தம்தான் தூது சொல்ல வேண்டும்.

தேற்றாங்கொட்டையும் ஈ.எஸ்.ஆரும்

கலங்கிய ஆற்று நீரைப் பானையில் ஊற்றித் தேற்றாங்கொட்டையை உரைத்தால் நீர் தெளிவதை நம் பாட்டிமார் அறிவர். தனித்தனியே மிதந்த மண் துகள்கள் ஒன்றுகூடிக் கனத்து, விரைந்து அடியில் படிகின்றன. ஈ.எஸ்.ஆர். சோதனையின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே. சிவப்பணுக்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கும். அழற்சியின்போது ‘பைப்ரினோஜன்’ என்னும் புரதம் இரத்தத்தில் மிகுகிறது. அது அவ்விலக்கத்தைத் தணிப்பதால், அணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் சேர்ந்து வேகமாக இறங்குகின்றன.

நான்கு பங்கு இரத்தத்துடன் ஒரு பங்கு சிட்ரேட் கரைசலைக் கலந்து, நேராக நிறுத்திய மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரம் விட்டு, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று அளப்பர். போலந்து நாட்டு பியெர்நாட்ஸ்கி 1897இலும், சுவீடன் நாட்டு ஃபாரியஸ் 1918இலும் இதனை ஆராய்ந்தனர். வெஸ்டர்கிரன் 1921இல் செம்மை செய்தார். பொதுவாக ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 15 வரையிலும், பெண்களுக்கு 20 வரையிலும் இயல்பு என்பர்.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. வயது ஏறினால் இவ்வளவும் ஏறும். கருவுற்றாலும் ஏறும். இரத்தசோகையில் சிவப்பணுக்கள் குறைவதால், நெரிசலின்றி விரைந்து இறங்கும். குழாய் சற்றே சாய்ந்து நின்றாலும் எண் கூடிவிடும்!

இன்னொரு தூதன்

கொரோனாக் காலத்தில் நாம் அடிக்கடி கேட்ட பெயர் சி.ஆர்.பி. இப்புரதத்தை நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் 1930இல், நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்டனர். கல்லீரல் இதனைச் சுரக்கிறது. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஈ.எஸ்.ஆரோ மெல்ல ஏறி, வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். ஆகவே நோய் தணிகிறதா என்று உடனறிய உதவுவது சி.ஆர்.பி.யே. பல ஆய்வகங்கள் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பதை இயல்பாகக் கொள்கின்றன. சில சீட்டுகளில் டெசிலிட்டர்க் கணக்கு இருக்கும். அதில் 1 என்பதே இதில் 10. அலகைப் பாராமல் அஞ்சுதல் கூடாது.

குறியீடு புகட்டும் பாடம்

நோய்களுக்கு உலகெங்கும் பொதுவான எண்கள் உள்ளன. பெர்ட்டியோன் என்பவர் 1893இல் அளித்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்த இம்முறையை, 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் பேணி வருகிறது. அதன் பத்தாம் திருத்தத்தில், சோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய்க்கு ஏ 15. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைக்கு டி 50. உயர்ந்த ஈ.எஸ்.ஆருக்கும் ஓர் எண் உண்டு: ஆர் 70.0. ஆனால் ‘ஆர்’ வரிசை நோய்களின் வரிசை அன்று. வேறிடத்தில் வகைப்படாத அறிகுறிகளுக்கும் சோதனை முடிவுகளுக்கும் உரிய வரிசை. ‘ஏதோ இருக்கிறது, இன்னதென்று இன்னும் தெரியவில்லை’ என்பதே அதன் பொருள். 2020இல் கொரோனாவுக்கும் இவ்வாறே, சோதனையில் வைரசு உறுதியானால் யு 07.1 என்றும், உறுதியாகாமல் மருத்துவர் கணிப்பில் மட்டும் அறியப்பட்டால் யு 07.2 என்றும் பிரித்தனர். தெரிந்ததையும் தெரியாததையும் கலவாமல் எழுதும் நேர்மை அது. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பதினோராம் திருத்தமும் இவ்வகைக்குத் தனி இயல் வைத்துள்ளது.

பெரியம்மாவுக்கு என்ன?

மருத்துவர் சளியைச் சோதிக்கச் செய்தார். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். காசநோய் இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் ஏழு. ஆர் 70.0 எனத் தொடங்கிய கதை டி 50 என முடிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் அவரை மீண்டும் வயலில் இறக்கின.

காசநோயாகவே இருந்திருந்தால்தான் என்ன? அது காற்றில் பரவுவது. தட்டிலும் தம்ளரிலும் அன்று. 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தபடியே முறையாக மருந்துண்போரும் சானடோரியத்தில் இருப்போரைப் போலவே குணமடைவதை 1959இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

நோயை ஆராய்பவன் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. எண் வழிகாட்டும் பலகை. அதுவே ஊர் ஆகிவிடாது. நண்பர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு சீட்டு வந்தால், தம்ளரைத் தனியே வைக்குமுன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது நோயா, அறிகுறியா?”