காத்திருக்கும் காவலர்

கால்பந்து ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் காவலரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவருக்கு இடர் நேர்ந்தால் அவ்விடத்தில் நிற்பதற்காகவே களத்தின் ஓரத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறாரே, அவரை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அந்த மாற்றுக் காவலரின் தொழில் வாழ்வைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

அவருடைய அருமை, அவர் இல்லாத காலத்தை நினைத்தால் விளங்கும். 1956-இல் இங்கிலாந்தின் எஃப். ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் காவலர் பெர்ட் டிரவுட்மன் எதிரணி வீரரோடு மோதிக் கழுத்தில் அடிபட்டார். புதிய ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதியில் இடமில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு இறுதிவரை நின்றார். அவருடைய கழகமும் வென்றது. கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது என்பது சில நாட்களுக்குப் பின்னரே தெரிந்தது. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரருக்கு இடம் கிடைத்தது 1965-இல்தான்.

மற்ற மாற்று ஆட்டக்காரர்களுக்கும் மாற்றுக் காவலருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னணி வீரர் களைத்தால் வேறொருவரை இறக்குவார்கள். ஆட்டத்தின் போக்கை மாற்றவும் இறக்குவார்கள். காவலரை அவ்வாறு மாற்றுவது அரிது. அவர் காயமுற வேண்டும், அல்லது நடுவரால் வெளியேற்றப்பட வேண்டும். ஆகவே, மாற்றுக் காவலர் நாள்தோறும் பயில்கிறார். பயிற்சியில் தம் அணியினர் உதைக்கும் பந்துகளைத் தடுக்கிறார். ஆட்டத்துக்கு முன் முதற்காவலரின் உடலும் கையும் பதமாகப் பந்தடித்து உதவுகிறார். பிறகு உட்கார்ந்துவிடுகிறார்.

ஸ்காட் கார்சன் என்ற ஆங்கிலேயரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 2005 ஏப்ரலில், 19 வயதில், லிவர்பூல் கழகத்துக்காக யுவெண்டஸை எதிர்த்துச் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் நின்றார். லிவர்பூல் 2-1 என வென்றது. மே மாதம் இஸ்தான்புல் நகரில் அக்கழகம் கோப்பையை வென்றபோது அவர் மாற்றுக் காவலராக அமர்ந்திருந்தார்.

2007 நவம்பரில் வெம்பிளியில் இங்கிலாந்து குரோஷியாவை எதிர்த்து ஆடியது. ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற இங்கிலாந்துக்குச் சமநிலையே போதும். எட்டாவது நிமிடத்தில் தொலைவிலிருந்து வந்த ஒரு பந்து கார்சனின் கையில் பட்டு வலைக்குள் சென்றது. இங்கிலாந்து 3-2 எனத் தோற்று வாய்ப்பை இழந்தது. அப்போது அவருக்கு வயது 22. முன்னணி வீரர் பத்து முறை தவறவிட்டாலும் ஒரு கோலால் மறக்கப்படும்; காவலரின் ஒரு பிழையோ ஆண்டுக்கணக்கில் பேசப்படும்.

அவர் தொழிலை விட்டுவிடவில்லை. பல கழகங்களில் முதற்காவலராக ஆடினார். 2019-இல், 34-ஆம் வயதை எட்டும் வேளையில், மான்செஸ்டர் சிட்டிக்கு மாற்றுக் காவலராக வந்தார். 2025-இல் விலகும்வரை அக்கழகத்துக்காக அவர் களம் இறங்கியது இரண்டே ஆட்டங்களில். 2021 மே மாதம் நியூகாசிலை எதிர்த்த ஆட்டத்தில் ஒரு பெனால்ட்டி உதையைத் தடுத்தார். ஆனால் திரும்பி வந்த பந்தை உதைத்தவரே வலைக்குள் செலுத்திவிட்டார். 2022 மார்ச்சில் ஸ்போர்ட்டிங் கழகத்தை எதிர்த்த ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் இறங்கி, கோல் ஏதும் விடாமல் காத்தார்.

2023 ஜூனில் மான்செஸ்டர் சிட்டி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. நகரம் அதே இஸ்தான்புல், அரங்கமும் அதுவே. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கார்சன் மீண்டும் ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

ஆறு பருவங்களில் இரண்டு ஆட்டங்கள் என்றால், மற்ற நாட்களெல்லாம் வீண்தானா? அல்ல. நியூகாசில் ஆட்டத்தில் அந்தப் பெனால்ட்டி உதையைத் தடுத்த கை, யாரும் பாராத பயிற்சிக் களத்தில் பதம் பெற்ற கை. அழைப்பு வந்தபின் ஆயத்தமாகத் தொடங்குகிறவருக்கு அந்த இடத்தில் வேலை இல்லை. அழைப்பு வராமலே போகலாம் என்று தெரிந்தும் ஆயத்தமாக இருப்பவரை நம்பியே முதற்காவலர் அஞ்சாமல் பந்தின்மேல் பாய்கிறார்.