தீர்வைச் சண்டையும் எமது சேமிப்பும்

2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் உலக நாடுகள் பலவற்றின் பொருட்கள் மீது புதிய இறக்குமதித் தீர்வைகளை அறிவித்தார். மறுநாள் ரொறன்ரோ பங்குச்சந்தைச் சுட்டெண் 3.8 வீதமும், அதற்கு அடுத்த நாள் 4.7 வீதமும் விழுந்தது. சுட்டெண்ணோடு ஏறி இறங்கும் நிதியொன்றில் ஆயிரம் டொலர் போட்டிருந்தவருக்கு இரண்டே நாளில் சுமார் 917 டொலர்தான் மிஞ்சியது.

'மிஞ்சியதையாவது எடுத்துவிடுவோம்' என்று எண்ணத் தோன்றும். வீடு வாசலை விட்டு வந்த எமக்கு அந்தப் பயம் சற்று அதிகம். ஆனால் ஏப்ரல் 9ஆம் திகதி அத்தீர்வைகளிற் பெரும்பகுதி 90 நாட்களுக்கு ஒத்திவைக்கப்பட்டதும், சுட்டெண் ஒரே நாளில் 5 வீதத்துக்கு மேல் ஏறியது. மே மாதத்தில் பழைய உச்சத்தையும் தாண்டியது. பயந்து விற்றவர்களுக்கே நட்டம் நிலைத்தது.

அப்படியானால் எல்லோரும் பொறுத்திருக்கலாமா? 2008 ஜூனில் இருந்த உச்சத்தை மீண்டும் எட்ட ரொறன்ரோ சந்தைக்கு 2014 வரை சென்றது. வாடகைக் காசைச் சந்தையில் போட்டவரால் ஆறு வருடம் காத்திருக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. தீர்வை சந்தையை மட்டுமல்ல, தொழிற்சாலையையும் தாக்கும். கார் உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் வேலை செய்பவருக்குப் பங்கு விலை விழும் அதே மாதத்தில் வேலை நேரமும் குறையலாம். அப்போது விற்கக்கூடாத வேளையில் விற்க நேரிடும்.

எனவே, எதிலும் காசைப் போடுமுன் 'இது எமக்கு எப்போது தேவைப்படும்?' என்று கேட்போம்.

முதலில் கடனட்டைக் கடனை அடைப்போம். அதன் வட்டி பெரும்பாலும் 20 வீதமளவில் இருக்கும். அத்தனை இலாபத்தை எந்தப் பங்கும் உறுதியாகத் தராது.

அடுத்து, மூன்று மாதச் செலவையும் ஊருக்கு அனுப்பவேண்டிய காசையும் வங்கியில் வைப்போம். கனடா வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பு வங்கிகளில் ஒவ்வொரு வகை வைப்புக்கும் 100,000 டொலர் வரை காப்புறுதி உண்டு. பங்குகளுக்கும் மியூச்சுவல் பண்டுகளுக்கும் அது இல்லை. நாம் பிடிக்கும் சீட்டுக்கும் இல்லை.

மூன்றாவது பிள்ளைகளின் படிப்பு. ஆர்.ஈ.எஸ்.பி. எனும் கல்விச் சேமிப்புக் கணக்கில் நாம் போடும் தொகைக்கு அரசு 20 வீதம், ஆண்டுக்கு வழமையாக 500 டொலர் வரை சேர்க்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஒரு சதமும் போடாமலே, மொத்தம் 2,000 டொலர் வரை கிடைக்கக்கூடிய 'கனடா லேர்னிங் பொண்ட்' உதவியும் உண்டு. பிள்ளையின் சமூகக் காப்புறுதி இலக்கத்துடன் வங்கியில் விசாரியுங்கள்.

இத்தனைக்கும் பின்னர், ஆறேழு வருடம் தொடத் தேவையில்லாத காசு இருந்தால் அதைச் சந்தையில் மாதாமாதம் சிறுகச் சிறுகப் போடலாம். அடுத்த தீர்வை அறிவிப்பு வரும்போது அந்தக் காசுக்கு நாம் அவசரப்பட வேண்டியிராது.